ஆனி ஆடியில் குமரிக் கடலின் குளிர்ச்சி நுண்ணலை வரைபடத்தில் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: குளச்சல் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலர், ஆனி, ஆடி மாதங்களில் நம் மாவட்டக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதை அறிவியல் கண்காட்சிக்காக வரைபடமாக்க முயன்று வருகிறார்கள். பெரும்பாலும் வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஆனி ஆடியில் கடல் தணுத்துக் கிடக்கும், அப்போதுதான் கணவாய் மீன் ஏறும் என்ற பேச்சை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கும்போது ஆழத்துக் குளிர்நீர் மேலேறுகிறது என்பது பாடப்புத்தகச் செய்தியும்தான். அதை எண்ணாகக் காட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

அகச்சிவப்புக் கருவிகளின் தரவை முதலில் எடுத்துப் பார்த்தார்கள். அந்த மாதங்களில் மேகம் விலகுவதே இல்லை என்பதால் வரைபடத்தில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருந்தது. நுண்ணலை மேகத்தை ஊடுருவும் என்று படித்துவிட்டு, ஜப்பான் 2012 மே மாதம் செலுத்திய ஜிகாம்-டபிள்யூ செயற்கைக்கோளில் உள்ள ஏஎம்எஸ்ஆர்-2 கதிர்வீச்சுமானியின் தரவை எடுத்தார்கள். அங்கே நடுக்கடல் முழுவதும் அழகாக நிறைந்திருக்கிறது. ஆனால் நீரோடி முதல் கன்னியாகுமரி வரை கரையை ஒட்டி அகலமான ஒரு பட்டை முழுக்க வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. நாங்கள் தேடும் குளிர்நீர் இருக்க வேண்டிய இடம் சரியாக அதுதான்.

இதிலிருந்து எனக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. மேகத்தை ஊடுருவும் கருவிக்குக் கரை ஏன் தடையாக வேண்டும் என்பது முதலாவது. 700 கிலோமீட்டர் உயரத்தில், யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத ஒரு கருவி, கெல்வினில் பத்தில் சில பங்குவரை துல்லியமாக அளக்கிறது என்பதை எதைக்கொண்டு நம்புவது என்பது இரண்டாவது. உடன் பணிபுரியும் ஒருவர், முப்பந்தல் காற்றாலைகள் நுண்ணலையைக் கலைத்துவிடுகின்றன, அதனால்தான் தரவை நீக்கியிருக்கிறார்கள் என்கிறார். அதையும் விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

பதில்: நாகர்கோவில் மின்னணு

டீச்சர், உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் ஐயத்துக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

இந்தக் கருவி எதையும் அனுப்பி எதிரொலி கேட்பதில்லை. கடல் தன் வெப்பத்தால் தானாக உமிழும் நுண்ணலையை வாங்கி, அதன் வலுவை மட்டும் அளக்கிறது. அந்த வலுவை, அதே அளவு உமிழும் ஒரு கரும்பொருளின் (தன்மீது விழுவதை எல்லாம் உறிஞ்சி, தன் வெப்பநிலைக்கு ஏற்ற முழு அளவை உமிழும் பொருள்) வெப்பநிலையாக எழுதினால் அதுவே பொலிவு வெப்பநிலை. நம் கடலின் உண்மையான வெப்பநிலை 300 கெல்வினை ஒட்டி இருந்தாலும், நீரின் உமிழ்திறன் நுண்ணலையில் பாதியை ஒட்டியே இருப்பதால், 6.9 கிகா ஹெர்ட்ஸில் செங்குத்துத் தளவிளைவில் (தளவிளைவு என்பது அலை அதிரும் திசை) பார்த்தால் அது ஏறத்தாழ 165 கெல்வின் பொருளாகத்தான் தெரியும். 35 கோடி ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில், அதாவது கருவி வாங்கும் அதிர்வெண் பரப்பில், அதன் திறனைக் கணக்கிட்டுப் பாருங்கள்: போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை, பட்டை அகலம் மூன்றையும் பெருக்கினால் ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக வரும். மாணவர்களே போட்டுப் பார்க்கக்கூடிய பெருக்கல் இது.

இவ்வளவு மெல்லிய குறிப்பலையைப் பெருக்கும்போது பெருக்கியின் சொந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். இரண்டையும் கூட்டினால் வரும் மொத்த வெப்பநிலையை எடுத்துக்காட்டாக 600 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். பட்டை அகலம் 10 கோடி ஹெர்ட்ஸ், ஒரு புள்ளியைப் பார்க்கும் நேரம் நூறில் ஒரு நொடி என்றால், இவற்றின் பெருக்கல் 10 லட்சம். அதன் வர்க்கமூலம் 1,000. ஆகவே நாம் உணரக்கூடிய மிகச் சிறிய மாற்றம் 600 வகுத்தல் 1,000, அதாவது 0.6 கெல்வின். இதைக் குறைக்க வேண்டுமானால் அதிக நேரம் பார்க்க வேண்டும், அல்லது பட்டையை அகலமாக்க வேண்டும், அல்லது இரைச்சல் குறைந்த பெருக்கி வேண்டும். விண்ணில் ஓடும் கருவிக்கு ஒரே இடத்தில் நின்று பார்க்க நேரம் கிடையாது. ஏஎம்எஸ்ஆர்-2 நிமிடத்துக்கு 40 சுற்று சுழன்றுகொண்டே போகிறது.

இது தற்செயல் இரைச்சல். பல புள்ளிகளைச் சராசரி எடுத்தால் குறைந்துவிடும். சராசரியால் போகாத தொல்லை பெருக்கியின் பெருக்கம் மெல்ல நழுவுவது. 600 கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெருக்கம் மாறினாலே 0.6 கெல்வின் பிழை வந்துவிடும். செயற்கைக்கோள் வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போது பெருக்கியின் உடல் வெப்பம் மாறும், பெருக்கமும் கூடவே மாறும். இதற்கு ராபர்ட் டிக்கி என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1946-இல் ஒரு வழி சொன்னார்: ஆன்டெனாவையும் வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளையும் விரைவாக மாற்றி மாற்றிப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் எடுப்பது. நழுவல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துவிடும். ஆனால் நேரத்தில் பாதி தெரிந்த பொருளைப் பார்ப்பதிலேயே போய்விடுவதாலும், வித்தியாசத்தில் இரு பக்க இரைச்சலும் சேர்வதாலும், உணர்திறன் இரண்டு மடங்கு மோசமாகிறது. இன்றைய பெருக்கிகள் நிலையாக இருப்பதால் பெரும்பாலான கருவிகள் அப்படி விரைவாக மாற்றாமல், சுற்றுக்கு ஒருமுறை மட்டும் தெரிந்த இரண்டு பொருள்களைப் பார்த்துக்கொள்கின்றன.

அந்த இரண்டு பொருள்களில்தான் அளவுத்திருத்தம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் வெப்பமானியை வைத்துக் கோடு போடுவது போன்றதே. குளிர்ப்புள்ளிக்குச் சிறிய கண்ணாடி ஒன்றின் வழியாக ஆழ்வெளியைப் பார்ப்பார்கள். பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் 2.7 கெல்வின் எங்கும் மாறாமல் கிடைக்கிறது. சூடான புள்ளிக்கு, இரும்புத்தூள் கலந்த எப்பாக்சி பூசிய சிறு சிறு கூம்புகள் நிறைந்த ஒரு தட்டு கருவியிலேயே இருக்கும். கூம்புகளுக்கிடையே நுழையும் அலை பலமுறை மோதி உறிஞ்சப்பட்டுவிடுவதால் அது ஏறத்தாழ முழுமையான கரும்பொருள். அதன் வெப்பநிலையைப் பிளாட்டினம் மின்தடை வெப்பமானிகள் பல இடங்களில் அளக்கும்.

ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். ஆழ்வெளியைப் பார்க்கும்போது கருவி 1,200 என்றும், 300 கெல்வின் தட்டைப் பார்க்கும்போது 4,200 என்றும் காட்டுகிறது. 297.3 கெல்வினுக்கு 3,000 எண்கள். ஓர் எண்ணுக்கு 0.0991 கெல்வின். கடலைப் பார்க்கும்போது 2,850 காட்டினால் விடை 166 கெல்வின். பெருக்கம் நழுவினாலும் இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே நழுவுவதால் விடை மாறாது. செலுத்துவதற்கு முன் வெற்றிடக் கூடத்தில், திரவ நைட்ரஜனின் குளிரிலிருந்து 300 கெல்வினுக்கு மேல்வரை ஓர் இலக்கைப் படிப்படியாகச் சூடாக்கி, இடையில் கோடு எவ்வளவு வளைகிறது என்பதையும் அளந்து வைத்துக்கொள்வார்கள். கோட்டின் இரு முனையும் பொருந்தியிருக்கும் என்பதால் வளைவின் பிழை நடுவில்தான் அதிகம்; கடல் நிற்பதும் அந்த நடுவில்தான்.

ஒரு சிறு குறிப்பு. உயர் அதிர்வெண்ணில் இந்த 2.7 கெல்வினை அப்படியே போட்டால் தவறாகும். 183 கிகா ஹெர்ட்ஸில் பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கி போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் 8.8 கெல்வின் வருகிறது. அது 2.7-ஐவிடப் பெரியது என்பதால் எளிய நேர்விகிதச் சூத்திரம் அங்கே உடைந்துவிடும். பிளாங்க் சூத்திரத்தை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் அந்தச் சூத்திரத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைக்காது என்பது என் எண்ணம்.

பதில்: ஆரல்வாய்மொழி

காற்றாலை பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரைச் சுற்றி அவைதான். காற்றாலையின் இறக்கைகள் ரேடாரைத் தொந்தரவு செய்யும் என்பது உண்மை, ஏனென்றால் ரேடார் தான் அனுப்பிய அலையின் எதிரொலியைக் கேட்கிறது. கதிர்வீச்சுமானிக்கு எதிரொலி இல்லை. பல நூறு சதுர கிலோமீட்டர் நிலத்தின் உமிழ்வைச் சேர்த்து வாங்கும்போது சில ஆயிரம் தூண்கள் கணக்கிலேயே வராது. அலை அனுப்பும் கருவிகள்தான் உண்மையான இடையூறு. 1.4 கிகா ஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டையில் யாரும் அலை அனுப்பக்கூடாது என்று உலக அளவில் விதி உண்டு, 6.9-க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தரைவழித் தொலைத்தொடர்பு இணைப்புகள் அதே பகுதியில் இயங்குவதால், ஏஎம்எஸ்ஆர்-2-இல் 7.3 கிகா ஹெர்ட்ஸில் இன்னொரு வழியையும் சேர்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் யாரோ அலை அனுப்புகிறார்கள் என்று பொருள். இருந்தாலும் நீங்கள் பார்க்கும் வெறும் பட்டை உலகின் எல்லாக் கரைகளிலும் இருக்கிறது. காற்றாலையே இல்லாத தீவுகளைச் சுற்றியும் இருக்கிறது.

பதில்: தக்கலை ஆய்வாளர்

நாகர்கோவில் ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் இரண்டு புள்ளிகளும் சரியாக இருந்தால் விடை சரி என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. நடைமுறையில் பெரிய பிழைகள் அந்த இரண்டு புள்ளிகளுக்கு வெளியே இருந்துதான் வந்திருக்கின்றன.

கூம்புபோலச் சுழன்று பார்க்கும் கருவிகளில், பெரிய எதிரொளிப்பானும் அலைவாங்கும் கொம்புகளும் சேர்ந்து சுழலும். சூடான தட்டும் ஆழ்வெளியைக் காட்டும் சிறு கண்ணாடியும் நகராமல் நிற்கும். சுற்றுக்கு ஒருமுறை கொம்புகள் அவற்றின் அடியில் கடந்து போகும். ஆகவே அளவுத்திருத்தம் நடக்கும் பாதையில் பெரிய எதிரொளிப்பான் இல்லை. பூமியைப் பார்க்கும் பாதையில் மட்டும் அது இருக்கிறது. எதிரொளிப்பானே சிறிது உமிழ்ந்தால் இரண்டு புள்ளிகளும் அதைக் காட்டிக்கொடுக்கா.

இது வெறும் கற்பனை அல்ல. 1997 நவம்பரில் செலுத்தப்பட்ட, மழையை அளக்கும் டிஆர்எம்எம் செயற்கைக்கோளின் நுண்ணலைப் படமானியில் அப்படியே நடந்தது. எதிரொளிப்பான் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உமிழ்திறனோடு இருந்தது. மிகத் தாழ்வான அந்தச் சுற்றுப்பாதையில் ஆக்சிஜன் அணுக்கள் அதன் அலுமினியப் பூச்சைத் தாக்கியதே காரணம் என்று கருதப்படுகிறது. கண்டுபிடித்த விதம்தான் அழகு: செயற்கைக்கோளையே சாய்த்து, பெரிய எதிரொளிப்பானை ஆழ்வெளி பார்க்க வைத்தபோது, 2.7 காட்ட வேண்டிய கருவி அதற்கு மேல் ஏறத்தாழ 10 கெல்வின் அதிகம் காட்டியது. எதிரொளிப்பானின் வெப்பநிலை 287 கெல்வின் என்று வைத்து 3.5 விழுக்காட்டால் பெருக்கினால் அந்த 10 வந்துவிடும். நிலத்தைப் பார்க்கும்போது எதிரொளிப்பானும் நிலமும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருப்பதால் பிழை ஒன்றுமில்லை. 166 கெல்வின் கடலைப் பார்க்கும்போது 4 கெல்வின். நிலத்தை மட்டும் வைத்துச் சரிபார்த்திருந்தால் கருவி நல்லதென்றே எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

சூடான தட்டும் முழுதாக நம்பத்தக்கதல்ல. 2002-இல் போன ஏஎம்எஸ்ஆர்-இ கருவியில் தட்டின் ஓரத்துக்கும் நடுவுக்கும் வெப்பம் ஒன்றாக இல்லாமல் போய், பிளாட்டினம் வெப்பமானிகள் சொன்னதற்கும் கொம்பு உண்மையில் பார்த்ததற்கும் வேறுபாடு வந்தது. 2003-இல் போன எஃப்-16 என்ற அமெரிக்க வானிலைக் கோளின் எஸ்எஸ்எம்ஐஎஸ் கருவியில் சுற்றுப்பாதையின் சில பகுதிகளில் சூரிய ஒளி தட்டின் மீதே விழுந்தது. ஐயா கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: தட்டின் வெப்பநிலையில் 1 கெல்வின் தவறினால் 166 கெல்வின் கடலில் 0.55 கெல்வின் தவறு வரும். 6.9 கிகா ஹெர்ட்ஸில் கடல் 1 டிகிரி மாறினால் பொலிவு வெப்பநிலை ஏறத்தாழ அரை கெல்வின்தான் மாறுகிறது. ஆகவே தட்டில் 1 கெல்வின் தவறு என்பது கடல் வெப்பநிலையில் ஏறத்தாழ 1 டிகிரி தவறு.

இந்தப் பாடங்களையெல்லாம் சேர்த்துச் செய்ததுதான் 2014 பிப்ரவரி 27 அன்று போன, மழையை அளக்கும் ஜிபிஎம் கோளின் ஜிஎம்ஐ கருவி. சூரிய ஒளி புகாதபடி தட்டைச் சுற்றி மறைப்பு வைத்தார்கள். தாழ்ந்த அதிர்வெண் வழிகளில் அளவு தெரிந்த இரைச்சலைச் சேர்க்கும் டயோடுகளை வைத்து, இரண்டு புள்ளிகளை நான்காக்கினார்கள். செலுத்திய பின் கோளைப் பலவாறு சாய்த்துப் பார்த்து ஆன்டெனாவின் பின்பக்கம் எவ்வளவு கசிகிறது என்பதையும் அளந்தார்கள். மற்ற நாடுகளின் கருவிகளை ஒப்பிட்டுச் சரிசெய்ய இன்று அதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். குறுக்காக வருடும் ஏடிஎம்எஸ் போன்ற கருவிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றில் சுழலும் எதிரொளிப்பானே பூமி, தட்டு, ஆழ்வெளி மூன்றையும் மாறி மாறிப் பார்க்கிறது. அதற்கு விலையாக, ஓரத்துக்குப் போகப் போக அவற்றின் படுகோணம் (பூமியைப் பார்க்கும் சாய்வு) மாறிக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டின் பங்கும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். 1979 ஜூன் 7 அன்று போன பாஸ்கரா-1 கோளிலேயே 19 மற்றும் 22 கிகா ஹெர்ட்ஸில் இயங்கும் சமீர் என்ற நுண்ணலைக் கதிர்வீச்சுமானி இருந்தது; அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் உருவானது. 1999-இல் ஓஷன்சாட்-1 கோளில் எம்எஸ்எம்ஆர் என்ற கருவி, 6.6 முதல் 21 கிகா ஹெர்ட்ஸ் வரை நான்கு அதிர்வெண்களில் இரு தளவிளைவிலும் பார்த்தது. கடல் வெப்பநிலையும் அதன் வேலைகளில் ஒன்று. 2011-இல் பிரான்சுடன் சேர்ந்து அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் கோளின் மெட்ராஸ் கருவி, சுழலும் பொறியமைப்பு பழுதானதால் 2013 ஜனவரியோடு நின்றுபோனது. அதே கோளின் ஈரப்பத அளவி சாஃபிர் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது. சுழலும் கருவியை வடிவமைப்பவர் அலையியலை எவ்வளவு கவனிக்கிறாரோ அவ்வளவு தாங்கியையும் எண்ணெய்ப்பூச்சையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: முட்டம் கடல்

இப்போது டீச்சரின் முதல் கேள்விக்கு வரலாம். கருவியின் அளவுத்திருத்தம் கச்சிதமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் அது சொல்லும் எண் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஏஎம்எஸ்ஆர்-2-இன் எதிரொளிப்பான் 2 மீட்டர் விட்டம் கொண்டது. 6.9 கிகா ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.3 சென்டிமீட்டர், அதன் கற்றை ஏறத்தாழ 1.8 டிகிரி அகலமாக விரிகிறது. 55 டிகிரி படுகோணத்தில் சாய்வாகப் பார்ப்பதால் கடலுக்கும் கருவிக்கும் இடையே 1,100 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரம் வருகிறது. அந்தத் தூரத்தில் 1.8 டிகிரி என்பது 35 கிலோமீட்டர். சாய்வின் திசையில் அது 62 கிலோமீட்டராக நீளும். இந்த 35-க்கு 62 நீள்வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,700 சதுர கிலோமீட்டர் வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். தோவாளை முதல் நீரோடி வரை மொத்த மாவட்டமும் அந்தக் கருவிக்கு ஒரே ஒரு புள்ளி.

இது பாதிக் கதைதான். அந்த நீள்வட்டம் என்பது கற்றையின் வலு பாதியாகக் குறையும் எல்லை. கற்றை மணி வடிவில் குறைகிறது என்று கொண்டு தொகையிட்டால், எல்லைக்குள்ளிருந்து வருவது மொத்தத்தில் சரியாகப் பாதி. மற்றப் பாதி வெளியிலிருந்து வருகிறது. நேரான ஒரு கரைக்குச் செங்குத்தாக நீள்வட்டத்தின் நீள்பக்கம் நின்றால், கரையிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவில் நடுப்புள்ளி இருக்கும்போதும் 1 விழுக்காடு நிலம் கற்றைக்குள் வந்துவிடும். முதன்மைக் கற்றைக்கு வெளியே உள்ள பக்க மடல்களின் கசிவு இதற்கு மேல் தனி.

ஒரு விழுக்காடுதானே என்று விட முடியாது. நம் மலையும் ரப்பர்த் தோட்டமும் தென்னந்தோப்பும் ஏறத்தாழ 280 கெல்வினில் ஒளிர்கின்றன, கடல் 166. வித்தியாசம் 114. அதில் 1 விழுக்காடு 1.14 கெல்வின். தக்கலை நண்பர் சொன்ன அரை கெல்வின் கணக்குப்படி, அது கடல் வெப்பநிலையில் இரண்டு டிகிரிக்கும் மேல் தவறு. அதைவிட முக்கியம் அந்தத் தவறின் திசை: நிலம் கலந்தால் கடல் எப்போதும் சூடாகவே தெரியும். உங்கள் மாணவர்கள் தேடுவது கரையோரத்தில் இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியை அப்படியே அழித்துவிட்டு, வழக்கமான சூடான கடலைக் காட்டும் அளவுக்கு இந்தக் கலப்படம் போதுமானது. வெறுமையாக விட்டிருப்பதைக் குறையாக நான் நினைக்கவில்லை. அங்கே எண்ணைப் போட்டிருந்தால்தான் குறை சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கரைவரை இடைவெளியே இல்லாமல் வண்ணம் நிறைந்த தினசரி வரைபடங்கள் கிடைக்கின்றன. அவை அகச்சிவப்பு, நுண்ணலை, மிதவைகள் எல்லாவற்றையும் கலந்து, அளவு இல்லாத இடத்தை அக்கம்பக்கத்து அளவுகளாலும் முந்தைய நாள்களாலும் இடைக்கணித்து நிரப்பியவை. ஆடி மாதத்தில் மேகத்தால் அகச்சிவப்பும், கரையால் நுண்ணலையும் இல்லாத முட்டத்துக் கடலுக்கு அதில் வண்ணம் இருக்கிறதென்றால், அந்த வண்ணத்தில் பெரும்பகுதி கணிப்பு. மீனவர்களிடம் அதை அளவு என்று சொல்லிக் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை.

குளச்சல் டீச்சர்

நால்வருக்கும் மிக்க நன்றி. மாவட்டப் பரப்பை வைத்துச் சொன்னதை மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். தொடர்ந்து இரண்டு கேள்விகளை அவர்களே கேட்கிறார்கள். கற்றையின் வடிவமும் நிலத்தின் பொலிவு வெப்பநிலையும் தெரியுமென்றால், நிலத்தின் பங்கைக் கழித்துவிட முடியாதா? வள்ளத்தில் போகும் தந்தையரிடம் வெப்பமானியைக் கொடுத்து, வாளியில் கடல்நீர் மொண்டு அளக்கச் செய்தால் அதைச் செயற்கைக்கோளோடு ஒப்பிடலாமா? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. ஆனால் வள்ளங்கள் போகும்.

பதில்: முட்டம் கடல்

கழிக்கலாம், ஆய்வாளர்கள் கழிக்கவும் செய்கிறார்கள். இதில் எவ்வளவு துல்லியம் தேவை என்பதைப் பாருங்கள். நிலம் 10 விழுக்காடு கலந்திருக்கும் புள்ளியில் நிலத்தின் பொலிவு வெப்பநிலையை 5 கெல்வின் தவறாகக் கணித்தால், 0.5 கெல்வின் பிழை, அதாவது கடலில் 1 டிகிரி. நாஞ்சில் நாட்டு வயல்களில் தண்ணீர் கட்டியிருக்கும் வாரத்துக்கும், மழை விட்டு மண் காய்ந்த வாரத்துக்கும் இந்த 5 கெல்வினைவிடக் கூடுதலாக மாற வாய்ப்புண்டு. கற்றை எங்கே விழுகிறது என்பதில் சில கிலோமீட்டர் தவறினாலும் கலப்பின் விழுக்காடு மாறிவிடும். ஆகவே இந்தத் திருத்தம் வெறும் பட்டையைச் சற்றுக் குறுக்குமே தவிர, குளச்சல் துறைமுகத்தின் வாசல்வரை கொண்டுவராது.

உண்மையான வழி பெரிய ஆன்டெனா. 2015-இல் போன ஸ்மாப் கோள், 6 மீட்டர் விட்டமுள்ள வலைப்பின்னல் எதிரொளிப்பானை விண்ணில் விரித்துச் சுழற்றிக் காட்டியது. அது மண் ஈரத்துக்கான 1.4 கிகா ஹெர்ட்ஸ் கருவி. ஐரோப்பிய விண்வெளி முகமை திட்டமிட்டு வரும் சிமர் என்ற கோள், 6.9-இல் 15 கிலோமீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கும் நோக்கம் கொண்டது. நான் மேலே சொன்ன 60 கிலோமீட்டர் அப்போது மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட வாய்ப்புண்டு. முட்டத்துக் கடல் தெரியத் தொடங்கும். பெரிய வலை என்றால் அதன் சொந்த உமிழ்வையும் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும் என்ற பழைய தலைவலி அங்கேயும் காத்திருக்கிறது.

வாளி அளவீடு நல்ல யோசனை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வள்ளங்கள் பெரும்பாலும் கரையை ஒட்டியே மடி வலை வைப்பதால் அதை ஏஎம்எஸ்ஆர்-2 புள்ளியோடு நேரடியாக ஒப்பிட முடியாது. வாளித் தண்ணீர் மேல்பரப்பின் ஓரிரு அடிக் கலவை, 6.9 கிகா ஹெர்ட்ஸ் பார்ப்பது மேல் ஒரு மில்லிமீட்டர் அளவு. காற்று அடங்கிய நண்பகலில் இரண்டுக்கும் வேறுபாடு வரும். பருவக்காற்று வீசும்போது மேல்நீர் நன்கு கலந்துவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு.

என் பரிந்துரை இது. மாணவர்கள் இரண்டு தொடர்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளட்டும். முதல் தொடர், கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் தென்மேற்கேயும் கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால், ஏஎம்எஸ்ஆர்-2 இரவு ஒன்றரை மணி வாக்கில் கடக்கும்போது எடுத்த அளவுகள் மட்டும். மழை என்றும் பலத்த காற்று என்றும் குறியிடப்பட்ட புள்ளிகளை நீக்கிவிட வேண்டும், ஏனென்றால் மேகத்தை ஊடுருவும் இந்த அலையும் கனமழையில் தடுமாறும். இரண்டாவது தொடர், வள்ளத்து வாளி அளவுகள்: இடம், நேரம், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற குறிப்போடு. வெப்பமானிகள் எல்லாவற்றையும் கடலுக்குப் போகும் முன் ஒரே வாளியில் சேர்த்து வைத்து ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வைகாசித் தொடக்கத்திலிருந்து ஆவணி வரை இரண்டு தொடர்களையும் ஒரே தாளில் வரைந்தால், நடுக்கடல் எவ்வளவு குளிர்ந்தது, கரை அதைவிட எவ்வளவு கூடுதலாகக் குளிர்ந்தது என்ற இடைவெளி தெரியும். அந்த இடைவெளியைத் தரும் செயற்கைக்கோள் வரைபடம் இன்று நம் கரைக்கு இல்லாததால், வாளித் தொடரை முதன்மைத் தரவாகவே கண்காட்சியில் வைக்கலாம்.

பதில்: நாகர்கோவில் மின்னணு

வாளி பற்றி ஒரு வரி. பிளாஸ்டிக் வாளியாக இருக்கட்டும். உலோக வாளி காற்றில் விரைவாகச் சூடு மாறும். மொண்ட உடன் நிழலில் வைத்து, வெப்பமானியை எடுக்காமல் நீருக்குள் இருக்கும்போதே படிக்கச் சொல்லுங்கள்.

தெர்மிஸ்டர் ஒன்றும் சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்றும் கொண்டு மாணவர்களே வெப்பமானி செய்ய விரும்பினால் சுற்றுப்படம் வரைந்து தருகிறேன். அதற்கும் இரண்டு புள்ளித் திருத்தம் தேவை. நம் கடல் 24 முதல் 30 டிகிரிக்குள் நிற்கும் என்பதால், பனிக்கட்டியையும் கொதிநீரையும் விட்டுவிட்டு 20 டிகிரியிலும் 35 டிகிரியிலும் இரண்டு புள்ளிகளை எடுப்பது நல்லது. தெர்மிஸ்டரின் வளைவு அந்தக் குறுகிய இடைவெளியில் மிகவும் குறைவு.